கல்வெட்டில் ஆண்டே இல்லை, அப்புறம் அசோகருக்கு கி.மு. 268 எங்கிருந்து வந்தது?

ஈரோட்டுக்காரன் கேட்டது:

என் மகள் ஆறாம் வகுப்பு. நேற்று ராத்திரி சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தவள், அசோகர் கி.மு. 268 முதல் 232 வரை ஆண்டார் என்ற வரியில் நின்றுவிட்டாள். "அப்பா, கி.மு. என்று ஒன்று வரப்போவது அவருக்குத் தெரியாதே, இதை யார் கணக்குப் போட்டார்கள்?" என்று கேட்டாள். கல்வெட்டில் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவள் தூங்கிய பிறகு தேடிப் பார்த்தால் அப்படி இல்லை. முடிசூடி எட்டாண்டு ஆனபோது கலிங்கத்தை வென்றேன், பன்னிரண்டாண்டு ஆனபோது இதை எழுதச் சொன்னேன் என்ற மாதிரிதான் இருக்கிறது, முடிசூடியது எப்போது என்று எங்குமே இல்லை. போதாததற்குப் பெரும்பாலான கல்வெட்டுகளில் அசோகர் என்ற பெயரே கிடையாதாம்!

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லப்போகிறேன், ஆனால் சரியான பதிலோடு சொல்ல வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கிறது, படி என்று முடித்துவிட மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

பழைய வாத்தியார்:

தம்பி, நான் 31 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். டில்லியிலும் அலகாபாத்திலும் நின்ற தூண்களில் என்ன எழுதியிருக்கிறது என்று நூற்றுக்கணக்கான வருடங்களாக யாருக்கும் தெரியாது, சம்ஸ்கிருதத்தில் கரை கண்ட பண்டிதர்களாலும் அந்த எழுத்தை வாசிக்க முடியவில்லை. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் பல வருடம் அதோடு மல்லுக்கட்டினார். சாஞ்சி தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியில் சின்னச் சின்னதாக ஒற்றை வரிகள் நிறைய இருந்தன. அவற்றைப் படியெடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைக் கவனித்தார். நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட்டில்கூட இன்னார் உபயம் என்று எழுதியிருக்குமே, அதே வழக்கம்தான். வழிபாட்டு இடத்தில் ஆளாளுக்கு ஒரு வரி எழுதி வைத்தால் அது கொடை கொடுத்த செய்தியாகத்தான் இருக்கும், அப்படியானால் கடைசிச் சொல் 'தானம்' என்று ஊகித்தார். அந்த ஒரு சொல்லிலிருந்து மற்ற எழுத்துகள் வரிசையாகப் பிடிபட்டன. இது 1837.

சரி, தூணைப் படித்தாயிற்று. படித்தால் 'தேவானாம்பிய பியதசி ராஜா' இப்படிச் சொல்கிறார் என்று வருகிறது. யார் இந்தப் பியதசி? புராணங்களில் உள்ள அரசர் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. இலங்கை அரசன் தேவானாம்பிய தீசனாக இருக்குமோ என்றுதான் பிரின்செப் முதலில் நினைத்தார். அப்போது இலங்கையில் அதிகாரியாக இருந்து பாலி நூல்களைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் டர்னர், தீபவம்சத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்: பியதசி என்பது சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமான அசோகனுக்கே இன்னொரு பெயர். இந்தியாவில் நின்ற தூணுக்கு இலங்கையில் எழுதிய நூலிலிருந்து பெயர் கிடைத்தது. ஆனாலும் கல்லிலேயே அசோகன் என்று ஓரிடத்திலாவது இருந்தால்தானே உறுதி? கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கம் மஸ்கியில் தங்கச் சுரங்கப் பொறியாளர் ஒருவர் கண்ணில் 1915இல் ஒரு பாறை பட்டது. அதில் 'தேவானாம்பியஸ அசோகஸ' என்று தெளிவாக இருந்தது. ஊகத்துக்கும் உறுதிக்கும் நடுவே 78 வருடம். ஒவ்வொரு தடவையும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இனி ஆண்டு. 13ஆம் பாறைக் கட்டளையில் தன் தருமம் போய்ச் சேர்ந்த நாடுகளைச் சொல்லும்போது, மேற்கே ஐந்து யவன அரசர்களின் பெயரை அசோகர் குறிப்பிடுகிறார்: அந்தியோகன், துரமாயன், அந்திகினி, மகன், அலிகசுந்தரன். சிரியாவை ஆண்ட இரண்டாம் அந்தியோக்கஸ், எகிப்தின் இரண்டாம் டாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், சிரீன் நகரத்து மகஸ், அப்புறம் அலெக்சாண்டர் என்ற பெயருள்ள ஒரு கிரேக்க அரசன் (இவன் எப்பிரஸ் அரசனா கொரிந்து அரசனா என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு, இந்தியாவுக்கு வந்த பெரிய அலெக்சாண்டர் இல்லை). இவர்கள் ஆண்ட காலம் கிரேக்க நூல்கள், நாணயங்கள், பாபிலோனியர்களின் களிமண் பலகைகள் வழியாகத் தனியாகவே தெரியும். அந்தியோக்கஸ் கி.மு. 261இல் அரியணை ஏறினார், மற்றவர்களில் சிலர் கி.மு. 250ஐ ஒட்டி இறந்துவிட்டார்கள். ஐந்து பேரும் சேர்ந்து உயிரோடு இருந்தது அந்தச் சின்ன இடைவெளியில்தான். அந்தக் கட்டளைகள் முடிசூடிய 12, 13ஆம் ஆண்டுவாக்கில் பொறிக்கப்பட்டவை. பின்னோக்கி எண்ணினால் முடிசூட்டு 268ஐச் சுற்றி வந்து நிற்கும். அதனால்தான் சில புத்தகத்தில் 269 என்றும் இருக்கும். 273 என்று போடுபவர்கள், பட்டம் சூட்டுவதற்கு முன் நான்காண்டு இழுபறி இருந்ததாக இலங்கை நூல் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒன்றைப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அதே இலங்கை நூல், புத்தர் மறைந்து 218 ஆண்டு கழித்து அசோகன் முடிசூடினான் என்கிறது. இலங்கை மரபில் புத்தர் மறைவு கி.மு. 543. கழித்தால் 325 வரும், அப்போது அலெக்சாண்டரே இந்த மண்ணை விட்டுப் போய் முடியவில்லை, அவருக்குப் பிறகு ஆட்சியைப் பிடித்த சந்திரகுப்தனின் பேரன் அதற்குள் எப்படி முடிசூட முடியும்? ஆகவே அந்த நூல் தந்த பெயரை ஏற்றுக்கொண்டார்கள், ஆண்டை ஏற்கவில்லை. ஒரு சான்றை முழுசாக நம்புவதோ முழுசாகத் தள்ளுவதோ இந்தத் தொழிலில் கிடையாது. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக உரசித்தான் பார்க்க வேண்டும்.

ஈரோட்டுக்காரன்:

ஐயா, ரொம்ப நன்றி. காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்படியே சொன்னேன். டியூப் லைட் உபயம் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது, தானம் என்று முடியும் எழுத்தை எனக்குக் காட்டு என்று கூகுளில் தேடவைத்தாள். ஆனால் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. கல்லில் வெட்டச் சொன்னது ராஜாதானே, தோற்றுப்போனால் தோற்றேன் என்று எழுதுவாரா? ஒரு ஆள் தன்னைப் பற்றித் தானே சொல்வதை எப்படி நம்புவது? எனக்கும் இது நியாயமாகத்தான் படுகிறது.

வாதாபிவழி:

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் போன வருடம் பாதாமி, ஐஹொளே போய் வந்ததிலிருந்து இதுவே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐஹொளேயில் மேகுடி என்ற சமணக் கோயிலில் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியின் பெரிய கல்வெட்டு இருக்கிறது. எழுதியவர் ரவிகீர்த்தி என்ற புலவர், காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரான புகழ் தனக்கு உண்டு என்று அதிலேயே சொல்லிக்கொள்கிறார். நல்லவேளை, சக ஆண்டு 556 என்று அவர் போட்டுவிட்டார், நம் கணக்கில் கி.பி. 634. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ அரசன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் மறைந்தான் என்று அது பாடுகிறது. பல்லவர் பக்கம் காசக்குடிச் செப்பேட்டைப் பார்த்தால், மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பெரும் பகைவர்களை அழித்தான் என்கிறது, பகைவன் யார் என்று பெயர் சொல்லவில்லை. இரண்டு பேருமே ஜெயித்தால் யார் தோற்றது?

வரைபடத்தை எடுங்கள். புள்ளலூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். பல்லவன் சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பகைவன் தலைநகரின் வாசல் வரைக்கும் வந்துவிட்டான் என்பதை அந்தப் பெருமைப் பேச்சே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதே சமயம் காஞ்சியைப் பிடித்தேன் என்று புலிகேசியின் புலவரும் சொல்லவில்லை, மதிலுக்குப் பின் மறைந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எதிரெதிராக நின்று பேசும் இரண்டு சான்றுகளையும் சேர்த்து வைத்தால், படை வந்தது, நகரம் விழவில்லை என்று ஒரு படம் கிடைக்கிறது.

அப்புறம் மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகரான வாதாபியை (இன்றைய பாதாமி) கைப்பற்றினான் என்று பல்லவர் சாசனங்கள் சொல்கின்றன. அதுவும் வெறும் பெருமைதானோ என்று சந்தேகப்படலாம். ஆனால் வாதாபியில், எதிரியின் ஊருக்குள்ளேயே, பாறையில் நரசிம்மனின் கல்வெட்டு இருக்கிறது. சிதைந்துபோய்த்தான் கிடக்கிறது, இருந்தாலும் அங்கே போய் நின்று வெட்டாமல் அது அங்கே வந்திருக்க முடியாது. சாளுக்கியர் பக்கமும் 642இலிருந்து சுமார் 12 வருடம் ஆட்சிச் சான்றே அறுந்துபோய்க் கிடக்கிறது. பேசாமல் விட்டதும் சான்றுதான்.

வடஇந்தியாவை ஆண்ட ஹர்ஷரைப் புலிகேசி தடுத்து நிறுத்தினார் என்பதை மட்டும் ஏன் எல்லோரும் தயக்கமில்லாமல் ஏற்கிறார்கள் என்றால், அதைப் புலிகேசியின் புலவர் மட்டும் சொல்லவில்லை. ஹர்ஷரிடம் விருந்தாளியாக இருந்து அவரை வாயாரப் புகழ்ந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும், மகாராஷ்டிர நாட்டு அரசனை மட்டும் ஹர்ஷரால் அடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். வேண்டப்பட்டவர் வாயிலிருந்தே வரும்போது அதற்கு எடை அதிகம்.

தோற்றதை எழுதுவார்களா என்றால், நேராக எழுத மாட்டார்கள், ஆனால் சொல்லித் தீர வேண்டிய இடம் வரும். கொப்பம் போரில் ராஜாதிராஜ சோழன் இறந்தான். பின்னால் வந்த சோழர் கல்வெட்டுகளே அவனை 'ஆனைமேற் துஞ்சின தேவர்' என்கின்றன. யானை மேலேயே உயிர் போனது என்ற செய்தி சோழர் கல்லிலிருந்தே கிடைக்கிறது.

அசோகருக்கு வந்தால், கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையை அவர் ஒருவர்தான் சொல்கிறார், கலிங்கத்தவர் சொன்னது எதுவும் நம் கைக்கு வரவில்லை. அதைவிட முக்கியம், அந்த வருத்தத்தைச் சொல்லும் 13ஆம் கட்டளை கலிங்கத்திலேயே கிடையாது. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு, அதிகாரிகள் மக்களிடம் நியாயமாக நடக்க வேண்டும் என்று வேறு கட்டளைகளைப் பொறித்திருக்கிறார்கள். எங்கே எழுதினார் என்பதைப் போலவே எங்கே எழுதாமல் விட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் மனம் வருந்தியது பொய் என்று நான் சொல்லவில்லை, கலிங்கத்தின் பக்கம் நமக்குக் கேட்கவே இல்லை என்கிறேன்.

சங்கத்தமிழன்:

கல்வெட்டு, செப்பேடு, சீனர் குறிப்பு எல்லாம் சரி. நம் இலக்கியத்தை மட்டும் வரலாற்றுக்காரர்கள் ஏன் கற்பனை என்று ஒதுக்குகிறார்கள்? புறநானூறு பொய் சொல்லுமா? இது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

தகடூர்ப்பெண்:

அண்ணா, நான் தொல்லியல் படிக்கிற மாணவி, ஊர் தருமபுரி. உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் ஒதுக்கவில்லை. எங்கள் ஊர் அதியமானே அதற்குச் சாட்சி.

அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் 'சதியபுதோ' என்று ஒரு பெயரும் வரும். மூவேந்தரோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய இந்த நாலாவது ஆள் யார்? சத்தியமங்கலம் என்றார்கள், காஞ்சி என்றார்கள், துளு நாடு என்றார்கள், எல்லாம் ஒலியை வைத்துச் செய்த ஊகம். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது, ஒரே வரிதான்: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. துறவிகள் தங்க அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இடம் என்று பொருள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே பெயர், அசோகர் சொன்ன அதே பட்டத்தோடு!

எனக்கு இதைவிடப் பிடித்தது அந்த இடம். தகடூர் எங்கே, ஜம்பை எங்கே, தருமபுரி அரசன் அங்கே போய் ஏன் கொடை கொடுக்க வேண்டும்? புறநானூறு 99ஆம் பாட்டில் ஔவையார் அவனை 'முரண்மிகு கோவலூர் நூறி' என்று பாடுகிறார். கோவலூர்தான் திருக்கோவிலூர். அந்த ஊரை வென்றான் என்று பாட்டு சொல்கிறது, அந்த ஊர்ப் பக்கத்தில் அவன் பெயர் கல்லில் கிடக்கிறது. பாடியவருக்கும் கல் வெட்டியவருக்கும் பேசி வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. இந்த மாதிரி இடத்தில்தான் இலக்கியம் வரலாறாக நிற்கிறது. கரூர் பக்கம் புகழூர் மலையில் ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வருவதையும், பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் சேரர்களோடு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் பொருத்திக் காட்டினார். கரூர் அமராவதி ஆற்றில் மாக்கோதை, கொல்இரும்பொறை என்று பெயர் போட்ட காசுகள் கிடைத்திருக்கின்றன. அகநானூறு 149இல் யவனர் கப்பல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறியைப் பாடினால், செங்கடல் கரையில் பெரெனிகே என்ற எகிப்தியத் துறைமுகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைக்கிறது.

ஆனால் ஒட்டாத இடங்களும் உண்டு, அதையும் சொல்லத்தானே வேண்டும். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் விழாவுக்கு இலங்கைக் கயவாகு வந்ததாக வருகிறது. இலங்கை வரலாற்று நூலான மகாவம்சத்தில் இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கஜபாகு இருக்கிறான், கயவாகு இவன்தான் என்கிறார்கள். இந்த ஒரு முடிச்சை வைத்துத்தான் சங்க காலக் கணக்கையே பலர் கட்டினார்கள். இரண்டு நூலுமே அந்த நிகழ்ச்சிக்கு வெகுகாலம் கழித்து எழுதப்பட்டவை, கஜபாகு அந்த விழாவுக்குப் போனதாக மகாவம்சத்தில் ஒரு சொல்லும் இல்லை. இந்த முடிச்சின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது என்பதே என் கருத்து. கரிமத்தை வைத்துக் காலம் பார்க்கும் முறை இருக்கிறதே என்றால், அது மண்ணடுக்கின் காலத்தைச் சில பத்தாண்டுகள் முன்பின்னாகச் சொல்லும், எந்த அரசன் எந்த வருடம் முடிசூடினான் என்று சொல்லாது.

சங்கத்தமிழன்:

கோவலூர்ப் பாட்டு பாடமாகவே தெரியும், ஜம்பையோடு அதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நன்றி தங்கச்சி. கஜபாகு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் உடன்படவில்லை, அதை வேறு ஒரு இழையில் பேசுவோம்.

மைப்படி:

எல்லோரும் இருக்கிற சான்றைப் பற்றிப் பேசுகிறீர்கள், அழிகிறதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுமுறை நாட்களில் கல்வெட்டு படியெடுக்கப் போகிறவன் நான். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, காய்வதற்குள் மை ஒற்றி எடுப்போம். எங்கள் பக்கத்துக் கிராமத்துக் கோயிலில் சோழர் காலத்து நிலக்கொடை ஒன்று இருந்தது. வரப்பு, வாய்க்கால், வரி, எந்தெந்த நிலத்துக்கு எது எல்லை என்று அவ்வளவும் அதில் இருந்தது. இந்த மாதிரிக் கல்லில்தான் ராஜா அல்லாத மனிதர்கள் வருவார்கள், விளக்குக்கு ஆடு விட்ட பெண், ஏரிக்குக் காசு கொடுத்த வணிகன், கணக்கு எழுதியவன். மூன்று வருடம் முன்பு திருப்பணி என்று சுவரை மணல் வீச்சில் சுத்தம் செய்தார்கள். போய்ப் பார்த்தால் கல் பளிச்சென்று இருக்கிறது, எழுத்து இல்லை. படியெடுக்க அடுத்த மாதம் வரலாம் என்று இருந்தோம். அன்றைக்கு அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றது இன்னும் வலிக்கிறது.

இதே வேலையைச் செம்பியன் மாதேவி எப்படிச் செய்தார் தெரியுமா? திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக மாற்றிக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்தார், பல்லவர் காலத்தவை உட்பட. அப்படிப் படியெடுத்து வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று எழுதும் வழக்கமே இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கவனத்தால் இன்று நமக்குப் பல்லவர் காலத்துச் செய்தி கிடைக்கிறது.

உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் எது கண்ணில் பட்டாலும் போட்டோ எடுத்துவிடுங்கள். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும்போது எடுத்தால் எழுத்து தானாகத் தெரியும். குகை என்றால் டார்ச்சைப் பக்கத்திலிருந்து பிடியுங்கள்.

ஈரோட்டுக்காரன்:

எல்லோருடைய பதிலையும் அவளையே உட்கார்ந்து படிக்கச் சொன்னேன், ஜம்பை வரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஈரோடு பக்கத்தில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.

தகடூர்ப்பெண்:

இருக்கிறது அண்ணா, அரச்சலூர். மலையில் உள்ள குகையில் தமிழ்ப் பிராமி எழுத்து. எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி வெட்டியிருப்பார்கள், இசைக்கோ ஆடலுக்கோ உரிய அடைவு என்கிறார்கள், இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றாகவே வரும். பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் எடுத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள்.

பழைய வாத்தியார்:

அங்கே போனால் எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவரின் பெயரையும் பிள்ளைக்குக் காட்டுங்கள் தம்பி, வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று இருக்கும். வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்துத் தரம் சொல்பவர். கல்கத்தா நாணயச் சாலையில் பிரின்செப் பார்த்த வேலையும் அதுதான்.